கணினியின் இயற்கணிதமும் பிழை காணும் முறையும்

பிரான்ஸ் தேசத்து வானசாஸ்திரியான ஷார்ல் டெலோனே, சந்திரனுடைய கதியை எண்களைப் புகுத்தாமல் எழுத்துக்களால் ஆன சூத்திரங்களாகவே வகுத்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, பத்து ஆண்டுகள் கணக்கிட்டு, பின்னும் பத்து ஆண்டுகள் அந்தக் கணக்கைச் சரிபார்த்து, 1860-இலும் 1867-இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக அதை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1970-இல், டெப்ரி, ஆன்ரார், ரோம் என்ற மூவர் அதே கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தபோது ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் அது முடிந்துவிட்டது; டெலோனேயின் ஏடுகளில் அகப்பட்ட பிழைகளோ மூன்றே, அவற்றுள்ளும் இரண்டு முதலாவதன் விளைவாக நேர்ந்தவை. இந்த வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் யந்திரத்தின் வேகத்தைக் காட்டுவதற்காகவே சொல்லுகிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்தச் சரிபார்த்த பத்து ஆண்டுகள்தான். கணக்கிடும் பாரத்தை யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது; சரிபார்க்கும் பாரம் இன்றும் மனிதன் தோளிலேயே இருக்கிறது என்பதைக் கணித மாணவர்களும், பொறியியல் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கிற நாமும் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா என்ற சந்தேகமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எழுத்துக்களைக் கொண்டு கணக்கிடும் மென்பொருள்களின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963-இல் பௌதிக விஞ்ஞானி வெல்ட்மன் தம் துகள் ஆராய்ச்சிக்கு வேண்டி ஸ்கூன்ஷிப் என்ற நிரலை எழுதினார். அவருக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1968-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாக்சிமா என்று இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளின் மூதாதையான மாக்சைமா தொடங்கப்பட்டது. 1980-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேப்பிள் பிறந்தது. 1988-இல் மேத்தமேட்டிகா வெளிவந்தது. 2005-இல் வில்லியம் ஸ்டைன் சேஜ் என்ற பொதுவுடைமை முயற்சியைத் தொடங்கினார். பைத்தான் மொழிக்குரிய சிம்பை நூலகமும் அதை ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. இவற்றின் நடை வேறு, மொழி வேறு, விலையும் வேறு, ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவனின் முறையீடு மட்டும் எங்கும் ஒன்றே: "விடை தப்பாக வருகிறது."

அந்த முறையீட்டைக் கேட்டவுடன் மென்பொருளைக் குற்றம் சாட்டுவதும் சரியன்று. மாணவனைக் கடிந்துகொள்வதும் சரியன்று. பிழை எந்த இடத்தில் குடிகொண்டிருக்கிறது என்று நிர்ணயிப்பதே முதல் வேலை. அது நாம் எழுதிய வாக்கியத்தில் இருக்கலாம். எண்ணை நாம் கொடுத்த வடிவத்தில் இருக்கலாம். நாம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு யந்திரத்திடம் சொல்லாமல் விட்ட நிபந்தனையில் இருக்கலாம். கணித சாஸ்திரத்துக்கே உரிய எல்லையில் இருக்கலாம். அபூர்வமாக, மென்பொருளின் உள்ளேயும் இருக்கலாம். என் அனுபவத்தில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே அதைப் பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மற்றவற்றையும் உரிய இடத்தில் தொட்டுச் செல்கிறேன்.

எழுத்தில் நேரும் பிழைகள் எளியவை, ஆனால் எண்ணற்றவை. மாக்சிமாவில் சமக்குறி ஒரு சமன்பாட்டைக் குறிக்குமே ஒழிய ஒரு பெயருக்கு மதிப்பைத் தராது. மதிப்பைத் தருவது முக்காற்புள்ளி. பைத்தானில் அடுக்குக்குறி என்று நம்பிக் கூரைக்குறியை இட்டு 2-இன் மூன்றாம் அடுக்கைக் கேட்டால் 8 வராது, 1 வரும். ஏனெனில் அந்த மொழியில் அந்தக் குறிக்கு இருமத் தர்க்கத்தைச் சேர்ந்த வேறொரு பொருள் உண்டு. மேப்பிளில் பை என்ற மாறிலியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இடாவிட்டால், அது வட்டத்தின் பை ஆகாது. கிரேக்க எழுத்தின் வடிவில் திரையில் தோன்றும் வெறும் பெயராகவே நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலத் தெரிவதால் தேடுகிறவன் ஒரு பிற்பகலையே இழந்துவிடுவான். காலையில் ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு மாலை வரை யந்திரத்தின் ஞாபகத்தில் தங்கியிருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனவே, எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கி, அதே வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நலம். பாதிச் சந்தேகங்கள் அதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

ஒரு மாணவி இருநூறு வரிகளுக்குக் குறையாத ஒரு நிரலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஸார், எக்ஸுக்கு மதிப்பைப் போட்டாலும் விடையில் எக்ஸ் அப்படியே நிற்கிறது" என்றாள். நிரலை ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு முறை படித்தோம். குறை ஒன்றும் புலப்படவில்லை. பிறகு, படிப்பதை நிறுத்திவிட்டுக் குறைக்கத் தொடங்கினோம். கீழ்ப்பாதியை நீக்கினோம், பிழை தங்கியது. எஞ்சியதில் பாதியை நீக்கினோம், அப்போதும் தங்கியது. இப்படியே குறைத்துக் குறைத்து நாலு வரிக்கு வந்து சேர்ந்தபோது, மேல் வரியின் கோவையில் உள்ள எக்ஸிலிருந்து கீழ் வரியில் நிற்கும் எக்ஸைக் கழிக்கும்படி அவளை ஒரு வரி எழுதச் சொன்னேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில், "எக்ஸ் கழித்தல் எக்ஸ்" என்றே திரை காட்டியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் விளங்கியது: நிரலின் தலைப்பில் எக்ஸை மிகை எண் என்று அறிவித்திருந்தாள், நடுவில் ஓரிடத்தில், வேறொரு நிரலிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதியில், அதே எக்ஸை எந்த நிபந்தனையும் இல்லாமல் மறுபடியும் அறிவித்திருந்தாள். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவர் குடியிருப்பதைப் போல, யந்திரம் அவற்றை இரண்டு மாறிகளாகவே பாவித்தது. ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றவரிடம் கொடுக்கவில்லை. அன்று நாங்கள் செய்த காரியத்தில் நூதனம் ஒன்றும் இல்லை. ஆயினும், பிழை மறையாதவரை நிரலைப் பாதியாக்கிக்கொண்டே போவது என்ற அந்த ஒரு முறையைக் கைக்கொண்டவனுக்கு, அடுத்தவரின் உதவி பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

இனி எண்ணின் வடிவம். மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு விகிதமுறு எண், 0.3333333333333333 என்பது அதன் அயல் மட்டுமே. பைத்தானில் ஒன்றை மூன்றால் வகுக்கும் வரியை எழுதினால், குறியீட்டுக் கணித நூலகம் அதைக் காண்பதற்கு முன்பே மொழி தானே வகுத்துத் தசம எண்ணாக்கிவிடுகிறது. பிறகு அந்தத் தசமம் நிரல் முழுவதும் பரவி, பூஜ்யமாக வேண்டிய இடங்களில் அற்பமான எச்சங்களாகத் தோன்றுகிறது. கோவையில் எங்கேனும் ஒரு தசமப் புள்ளி புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது பிழை தேடுகிறவனின் நித்திய கடமை. இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு கோவைகள் சமமா என்று அறியத் தசமத்தில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கமே; ஆனால் எத்தனை இலக்கத்துக்குப் பார்த்தோம் என்பது முக்கியம். ஸ்ரீநிவாச ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறார்: 58-இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி, அதை இயல் மடக்கையின் அடியான ஈ என்ற எண்ணுக்கு அடுக்காக ஏற்றினால் வருவது அது. பதினாறு இலக்கத்தில் அதைக் கணக்கிட்டால் 24591257752 என்ற முழு எண்ணாகவே காட்சியளிக்கும். உண்மையில் அது 24591257751.99999982 என்று தொடங்கி முடிவின்றிச் செல்வது. கையால் கணக்கிட்ட அம்மனிதருக்கு அந்த நுண்ணிய வித்தியாசம் தெரிந்திருந்தது; பதினாறு இலக்கத்தோடு திருப்தியடைகிறவனுக்குத் தெரியாது. ஐம்பது இலக்கம் கேட்டால் யந்திரம் ஒரு நொடியில் தரும், கேட்கத்தான் வேண்டும்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸ் என்று எழுதிப் பழகிய கை, யந்திரம் அவ்வாறு சுருக்க மறுப்பதைக் கண்டு சலித்துக்கொள்கிறது. ஆனால் எக்ஸ் என்பது குறை 3 ஆனால் வர்க்கமூலம் 3, எக்ஸ் அன்று. எக்ஸ் மெய்யெண் என்று சொன்னால் அதன் தனிமதிப்பைத் தரும். மிகை எண் என்று சொன்னால் எக்ஸையே தரும். ஒன்றும் சொல்லாவிட்டால் அது கலப்பெண்ணாகவும் இருக்கலாம் என்று கருதி, கோவையைத் தொடாமல் வைத்துவிடும். மடக்கையிலும் இவ்வாறே: ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு மடக்கை, அந்த எண்ணின் மடக்கையைப் போல் இரு மடங்கு என்ற விதி குறை 1-இல் தகர்ந்துபோகிறது, ஒரு புறம் பூஜ்யம், மறுபுறம் பையின் இரு மடங்கைக் கொண்ட கற்பனை எண். யந்திரம் சுருக்காமல் நிற்பது அதன் மந்தபுத்தியால் அன்று. நாம் சொல்லாத ஒன்றைத் தானே ஊகித்துக்கொள்ளலாகாது என்ற நேர்மையால்.

இந்த நேர்மை எப்போதும் காக்கப்படுகிறதா என்றால், இல்லை. ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 5-இலிருந்து கோசைன் எக்ஸின் நான்கு மடங்கைக் கழித்து, வருவதால் 3-ஐ வகுக்கிறோம். எக்ஸ் பூஜ்யமாகும்போது இந்தச் சார்பின் மதிப்பு 3. எக்ஸ் பை ஆகும்போது மூன்றில் ஒரு பங்கு. இடையில் எங்கும் அது அந்த மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. இதைப் பூஜ்யம் முதல் பையின் இரு மடங்கு வரை தொகையிட வேண்டும். பாடப்புத்தகம் கற்பிக்கும் அரைக்கோண டான்ஜெண்ட் பிரதியீட்டைச் செய்தால், எக்ஸின் பாதிக்குரிய டான்ஜெண்டை மூன்றால் பெருக்கி, அதன் ஆர்க்டான்ஜெண்டை இரு மடங்காக்கியது தொகையீடாகக் கிடைக்கும். அதை வகையிட்டுப் பார்த்தால் பழைய சார்பே திரும்ப வரும். ஐயத்துக்கு இடமில்லாதது போலத் தோன்றும். கீழெல்லையை இட்டால் பூஜ்யம். மேலெல்லையை இட்டாலும் பூஜ்யம். ஆகவே விடை பூஜ்யம்! எங்கும் மிகையாகவே உள்ள ஒரு வளைகோட்டின் கீழே பரப்பே இல்லை என்று சொல்வது எவ்வளவு அபத்தம்! குற்றம் நடுவில் இருக்கிறது: எக்ஸ் பையைக் கடக்கும் இடத்தில் அரைக்கோண டான்ஜெண்ட் முடிவிலிக்குப் போய் மறுபுறத்தில் திரும்பி வர, தொகையீடு மிகைப் பையிலிருந்து குறைப் பைக்குத் திடீரென்று குதித்துவிடுகிறது. அந்தக் குதியை ஈடுசெய்தால் சரியான விடையான பையின் இரு மடங்கு கிடைக்கும். 1990-களின் தொடக்கத்தில் டேவிட் ஜெஃப்ரி என்ற கணித அறிஞர் இந்த இனத்துப் பிழைகளையே ஆராய்ந்து, தொடர்ச்சி அறுபடாத தொகையீடுகளைப் பெறும் முறையை வகுத்தார். மென்பொருள்கள் அதன் பின் திருந்தியிருக்கின்றன. ஆனால் இதே பிரதியீட்டைக் கையால் செய்து, எல்லைகளை மட்டும் யந்திரத்தில் இடும் மாணவன் இன்றும் பூஜ்யத்திலேயே வந்து விழுகிறான்.

நிபந்தனையைச் சொல்லாமல் விடும் பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏ எக்ஸ் சமம் பி என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், பியை ஏயால் வகுத்துத் தந்துவிடும். ஏ பூஜ்யமானால் என்ன செய்வது என்று பெரும்பாலும் சொல்லாது. எக்ஸின் என்னாம் அடுக்கைத் தொகையிடச் சொன்னால், சில மென்பொருள்கள் பொது விதியை மட்டும் தந்து, என் என்பது குறை 1 ஆகும் இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. மாக்சிமாவோ நின்று, "என் என்பது குறை 1-க்குச் சமமா?" என்று நம்மையே கேட்கிறது. நிரல் ஓடும்போது இப்படி இடைமறித்துக் கேட்பது தொல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். நான் அதை ஓர் உபகாரமாகவே கொள்ளுகிறேன். நல்லாசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்க வேண்டிய கேள்வி அல்லவா அது?

சில வேளை, கேட்ட தொகையீட்டை எந்த மாற்றமும் இன்றி யந்திரம் அப்படியே திருப்பித் தந்துவிடும். அதைத் தோல்வி என்று எண்ணிப் பல மாணவர்கள் வரிகளை மாற்றி மாற்றி எழுதிக் களைத்துப்போகிறார்கள். அடிப்படைச் சார்புகளால் சொல்லக்கூடிய தொகையீடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் முறையை 1969-இல் ராபர்ட் ரிஷ் வகுத்தார். இல்லை என்பதே பல கேள்விகளுக்குச் சரியான விடை. ஆனால் எல்லா மென்பொருளும் அந்த முறையை முழுமையாகக் கொண்டிருக்கவில்லை. ஆகையால் திரும்பி வந்த கேள்வி, "விடை இல்லை" என்றும் பொருள்படலாம், "எனக்குத் தெரியவில்லை" என்றும் பொருள்படலாம். இதற்கும் அடியில் ஓர் ஆழ்ந்த எல்லை இருக்கிறது. விகிதமுறு எண்கள், பை, 2-இன் மடக்கை, ஒரே ஒரு மாறி, இவற்றோடு சைன், அடுக்குக்குறிச் சார்பு, தனிமதிப்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட கோவை ஒன்று எங்கும் பூஜ்யமா என்பதை எல்லாச் சந்தர்ப்பத்திலும் தீர்மானிக்கவல்ல பொது முறை இருக்கவே முடியாது என்று 1968-இல் ரிச்சர்ட்சன் நிரூபித்தார். சுருக்கு என்று நாம் இடும் கட்டளையை எந்த யந்திரமும் பூரணமாக நிறைவேற்ற முடியாது என்பதே இதன் கருத்து. ஆகவே, கோவை சுருங்காமல் நிற்பதைக் கண்டு அது பூஜ்யம் அல்ல என்று முடிவு கட்டுவது தவறு.

நிரல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதும் ஒரு நோய்தான். அதன் காரணத்தை டொனால்டு குனூத் தம் நூலில் ஓர் உதாரணத்தால் தெளிவாக்கினார். எட்டாம் படியிலும் ஆறாம் படியிலும் உள்ள இரு பல்லுறுப்புக் கோவைகள். கெழுக்களில் 21-ஐவிடப் பெரியது இல்லை. அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண, பின்னம் வராதபடி பெருக்கிக்கொண்டே யூக்ளிடின் முறையில் வகுத்துச் சென்றால், கடைசிப் படியில் 35 இலக்கம் கொண்ட எண் வந்து நிற்கிறது. விடையோ, பொதுக் காரணி ஏதும் இல்லை என்பதுதான். கேள்வியும் சிறிது, விடையும் சிறிது, வழி மட்டும் மலைபோல் வீங்கிவிடுகிறது. அறுபதுகளின் இறுதியில் காலின்ஸ், பிரவுன் முதலியோர் இந்த வீக்கத்தைத் தணிக்கும் முறைகளைக் கண்டார்கள். சாதாரணப் பயனாளிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: எழுத்துக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், எண்ணை இடக்கூடிய இடத்தில் முன்பே இட்டுவிடுங்கள், ஐந்து வரிசை அணிக்குப் பதில் முதலில் இரண்டு வரிசை அணியில் ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருளே தவறுவதும் உண்டு. அதை மறைப்பது தகாது. 2014-இல் ஸ்பெயின் தேசத்துக் கணித அறிஞர்களான துரான், பெரெஸ், வரோனா மூவரும் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் இருப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. மிகப் பெரிய முழு எண்களைக் கொண்ட 14 வரிசை அணி ஒன்றின் அணிக்கோவையை மேத்தமேட்டிகாவிடம் இரண்டு முறை கேட்டபோது, இரண்டு வெவ்வேறு விடைகள் வந்தன. தசமம் இல்லை, நிபந்தனை இல்லை, கூட்டலும் பெருக்கலுமே கொண்ட கணக்கு! மற்றொரு மென்பொருளோடு ஒப்பிட்டுத்தான் அவர்கள் தெளிவடைய முடிந்தது. உள்ளே நடப்பதைப் பயனாளி திறந்து பார்க்க முடியாத மென்பொருளில் இத்தகைய பிழை நேர்ந்தால் அவன் கைகட்டி நிற்க வேண்டியதே என்பதால், நிரூபணத்தில் ஓர் உறுப்பாக யந்திரக் கணக்கு இடம்பெறும் ஆராய்ச்சிகளுக்குத் திறந்த மென்பொருள்களே உகந்தவை என்பது என் அபிப்பிராயம். அது இயலாதபோது, ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மென்பொருள்களில் ஒரே கணக்கை ஓட்டிப் பார்ப்பதையேனும் கட்டாயமாகக் கொள்ள வேண்டும்.

ஆனால் மென்பொருளைச் சந்தேகிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. சைன் எக்ஸை எக்ஸால் வகுத்துப் பூஜ்யம் முதல் முடிவிலி வரை தொகையிட்டால் பையில் பாதி. எக்ஸுக்குப் பதிலாக அதன் மூன்றில் ஒரு பங்கை இட்ட அதே வடிவத்தை அதனோடு பெருக்கித் தொகையிட்டாலும் பையில் பாதியே. ஐந்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்று பதின்மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்தாலும் அதே விடை. பதினைந்தில் ஒரு பங்கைச் சேர்த்தவுடன் விடை மிகச் சொற்பமாகக் குறைகிறது. அந்தக் குறைவு பதினோராம் தசம இடத்தில்தான் தெரியத் தொடங்கும். இதைக் கண்டவர்கள் மென்பொருளில் ஏதோ பிழை என்றே முதலில் எண்ணினார்கள். பிழை இல்லை. மூன்றில் ஒன்று முதல் பதின்மூன்றில் ஒன்று வரை உள்ள அந்தப் பின்னங்களின் கூட்டுத்தொகை 1-க்குக் குறைவு. பதினைந்தில் ஒன்றைச் சேர்த்ததும் 1-ஐத் தாண்டிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டும்வரைதான் பையில் பாதி என்ற விடை நிலைக்கும். டேவிட் போர்வைன், ஜொனதன் போர்வைன் என்ற தந்தையும் மகனும் 2001-இல் ராமானுஜன் பெயர் தாங்கிய ஆய்விதழில் இதை விளக்கினார்கள்.

கணினி ஆய்வகத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவர்களின் ரிக்கார்டு நோட்டில் நிரலையும் விடையையும் மட்டும் எழுத வைக்கிறோம். அவற்றுக்கு முன்னால் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாறி மெய்யெண், எது மிகை எண், எந்த இடத்தில் சார்பு அறுபடக்கூடும், விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்க வேண்டும் என்ற நான்கையும், விசையை அழுத்துவதற்கு முன்பே, அவர்கள் கைப்பட அங்கே எழுதட்டும்.